மேஜை நடுவில் சருகு

ஜனவரி 8

இன்று முதலில் கண்ணில் பட்டது என் ஸ்கூல் பை. அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் எப்போதும் தொங்குவதுதான். இன்று வயிறு உப்பித் தொங்கியது. ஜிப்பைத் திறந்தேன். உள்ளே ஒட்டுப்பால்.

ரப்பர் மரத்தில் வெட்டின வரியிலும் சிரட்டைக்குள்ளும் பால் காய்ந்து ஒட்டியிருக்கும். அதை உரித்துச் சேர்ப்பதுதான் ஒட்டுப்பால். செத்த எலியை மூடி வைத்துத் திறந்தது மாதிரி நாறும். அப்பாவின் சாக்கு கிழிந்துவிட்டதாம். "சும்மாதானே தொங்குது மக்களே" என்றார்.

ஆமாம், சும்மாதான் தொங்குகிறது. நானும் சும்மாதான் இருக்கிறேன். விடியுமுன் எழும்பி அம்மைக்கு வெந்நீர், அப்பாவுக்குக் கட்டன் சாயா, கோழிக்குத் தவிடு, பிறகு சோறு, துணி, அம்மையின் இடுப்புக்குத் தைலம். இதற்குப் பெயர் சும்மா.

பத்தாம் வகுப்பில் பாதியில் நின்றேன். போன வருஷத்துக்கு முந்தின மழைக்காலத்தில் அம்மை ரப்பர்ப் பால் வாளியோடு பாறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு ஒடிந்தது. அக்கா ஷைலின் அப்போது நர்ஸிங் கடைசி வருஷம். அவளை நிறுத்த முடியாது. என்னை நிறுத்தலாம். ரெண்டே மாசம் என்றார் அப்பா. அம்மை இப்போது கம்பு ஊன்றி நடக்கிறாள். அக்கா படித்து முடித்து நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். என்னுடைய ரெண்டு மாசம் மட்டும் இன்னும் முடியவில்லை.

தோட்டத்தில் ரப்பர் இலை சிவக்கத் தொடங்கிவிட்டது. இனிக் கொஞ்ச நாளில் எல்லாம் உதிரும். அப்பாவுக்குப் பால் வெட்டு இருக்காது. வீட்டில் இருப்பார்.

ஜனவரி 11

லில்லி மாமி வந்தாள். அப்பாவின் தங்கை. மாமி வந்தால் வீட்டில் எல்லாருடைய வேலையும் மாறும், மாமியின் வேலை தவிர.

அக்காவுக்கு ஒரு சம்பந்தம். பையன் கனடாவில் இருக்கிறான். அவன் அம்மாவும் அக்காவும் பிப்ரவரி ஒன்றாம் தேதி பெண் பார்க்க வருகிறார்கள். மாமி ஏற்கெனவே மார்த்தாண்டத்தில் அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் கண்ணால் அளந்துவிட்டு வந்திருக்கிறாள். சாப்பாட்டு மேஜை நடுவில் ஒரு அலங்காரமாம். கனடாவிலிருந்து மகன் கொண்டுவந்ததாம். சிவப்பும் மஞ்சளுமாக இலைகள், நடுவில் குட்டிப் பூசணிக்காய். அங்கே இலையுதிர் காலத்தில் எல்லா வீட்டு மேஜையிலும் அப்படி வைப்பார்களாம். போனில் படம் எடுத்து வந்திருந்தாள்.

"அஜிஷா, இது மாதிரி நூல்ல பின்னி நம்ம மேஜைல வைக்கணும். அவங்க வந்து உக்காந்த உடனே கண்ணு அதுல விழணும். ஷைலின் பின்னினதுன்னு சொல்லுவோம்."

கடைசி வரியை அவள் மூச்சு விடாமல் சேர்த்துச் சொன்னாள். பெண் பார்க்க வரும்போது பெண்ணின் கைவேலையை எடுத்து வைப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். மாமிக்கு அதில் வெட்கம் ஒன்றும் கிடையாது. அவளைப் பார்க்க வந்தபோது காட்டின மயில் தலையணை உறை, மேல வீட்டு ரோஸ்லெட் தைத்ததாம். மாமா இன்றைக்கும் அதில்தான் தலை வைத்துக் கிடக்கிறார் என்று சொல்லிச் சிரித்தாள்.

அம்மை கட்டிலில் இருந்தபடியே படத்தைப் பார்த்துவிட்டு, சருகை நாம முற்றத்துல பெருக்கித் தள்ளுறோம், அவங்க மேஜைல வைக்கிறாங்களா, பூசணியைக் கறி வைக்கத் தெரியாதோ என்றாள்.

 எனக்கு ஆள் முன்னால் வாய் வராது. ஆனால் மாமி போன பிறகு அப்பாவிடம் கேட்டேன். ஜூன் மாதம் பத்தாம் வகுப்பில் திரும்பச் சேர வேண்டும், அப்பா ஸ்கூலுக்கு ஒரு தரம் வர வேண்டும், வருவார் என்றால் பின்னுகிறேன். 

அப்பா சிரித்தார். "இது கழியட்டு மக்களே. போவோம்."

எழுதி வைக்கிறேன். போவோம் என்று சொன்னார்.

ஜனவரி 12

ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில் ஸிஸி டீச்சரைப் பார்த்தேன். பத்தாம் வகுப்பில் கணக்கு எடுத்தவர். நான் ஒதுங்கி நடந்தேன், அவர் விடவில்லை. ஏன் வரல்ல, எப்போ வருவே, உன் பேரை நான் இன்னும் வெட்ட விடல்ல என்று ரோட்டிலேயே சத்தமாகக் கேட்டார். எல்லாரும் பார்த்தார்கள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கிட்ட வந்து மெதுவாகச் சொன்னார். பிப்ரவரி முடியுமுன் வீட்டிலிருந்து ஒரு பெரியவர் ஹெட்மிஸ்ட்ரஸிடம் நேரில் வந்து சொன்னால் ஜூனில் எடுத்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு வயதையும் இடைவெளியையும் சொல்லித் தட்டிவிடுவார்கள். "அப்பா இல்லன்னா அம்மா வரட்டு. யாராவது ஒருத்தர்."

அம்மையா வருவாள். கட்டிலை விட்டு இறங்குவதற்கே என் தோள் வேண்டும்.

ஜனவரி 14

நூல் வந்துவிட்டது. கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, காப்பிப்பொடி நிறம், ஒரு பச்சை. மாமி என்னைக் கேட்காமல் வாங்கின பச்சை.

குரோஷா, அம்மைக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது எனக்குப் பழகியது. பக்கத்துக் கட்டிலுக்குத் துணை இருந்த ஒரு அக்கா பின்னிக்கொண்டே இருப்பாள். ஊசி ஒன்றுதான், நுனியில் கொக்கி. நூலைக் கொக்கியில் மாட்டி ஒரு வளையத்துக்குள்ளே இன்னொரு வளையமாக இழுத்துக்கொண்டே போக வேண்டும். பேச வேண்டாம், அவள் கையைப் பார்த்தால் போதும். அதனால்தான் எனக்குப் பிடித்தது.

கனடா இலை வரவில்லை. ஐந்து முனை. ஒவ்வொரு முனையிலும் நூல் சுருண்டு, இலை அகப்பை மாதிரி குழிந்துவிட்டது. நாலு தரம் அவிழ்த்தேன். நூல் பஞ்சாகிவிட்டது.

உப்பு ஜாடியைத் தேடினால் மேல்தட்டில் இல்லை. கீழே இருந்தது. நான்தான் எடுத்து வைத்து மறந்திருப்பேன்.

ஜனவரி 16

ஒரு இலைகூட உருப்படியாக இல்லை. அந்த இலையை நான் கண்டதே இல்லை, பிறகு எப்படி வரும்? மத்தியானம் கோபத்தில் ஊசியை எறிந்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன்.

தோட்டம் முழுக்கச் சிவப்பு. காற்று அடித்தால் மழை மாதிரி சத்தம் வருகிறது, நனையவில்லை, அவ்வளவுதான். ஒன்றை எடுத்துப் பார்த்தேன். ஒரே காம்பில் மூன்று இலை. நடுநரம்பு மஞ்சளாக நிற்க, ஓரத்திலிருந்து சிவப்பு உள்ளே ஏறுகிறது. நான் பிறந்ததிலிருந்து இதன்மேல்தான் நடக்கிறேன்.

நீளமான இலை பின்னுவது எளிது. சங்கிலி மாதிரி ஒரு வரி போட்டு, அதன் இரண்டு பக்கமும் சுற்றி வந்தால் போதும். நடுவில் மஞ்சள், ஓரத்தில் சிவப்பு. மூன்றைச் சேர்த்துக் காம்பு வைத்தேன்.

வந்துவிட்டது. மாமி என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்.

ஜனவரி 17

நிறைய இலை. யாரோடும் பேசவில்லை. நல்ல நாள்.

ஜனவரி 19

மேஜையைக் காலி செய்யச் சொன்னார்கள். அப்பாவின் மருந்துக் குப்பி, அக்காவின் பழைய நோட்டு, என் பத்தாம் வகுப்புப் புத்தகங்கள் எல்லாம் அதன்மேல்தான் இருந்தன. அக்காவின் நோட்டு அலமாரிக்குள் போயிற்று. என் புத்தகங்கள் கட்டிலுக்கு அடியில், உரச் சாக்குக்குப் பக்கத்தில். நான் பின்னுவதை வைக்க என் புத்தகத்தை எடுக்கிறார்கள். இதை யாரிடம் சொல்ல?

கோயிலிலிருந்து வந்து அம்மைக்குக் கால் துடைக்கும்போது உள்ளங்காலில் செம்மண். கம்பின் நுனியைப் பார்த்தேன், மண் இல்லை. கோழி கட்டிலில் ஏறி மிதித்ததாம். எங்கள் கோழி மண்ணை உள்ளங்காலில் கொண்டுபோய்ப் பூசுமாம்.

துடைத்துவிட்டேன்.

ஜனவரி 23

மாமி வந்து பார்த்தாள். இலைகளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் போன போக்கு.

"நான் கேட்டது கனடா. நீ பின்னி வச்சிருக்கது நம்ம குலசேகரம்."

எல்லாவற்றையும் அவிழ் என்றாள். நான் அவிழ்க்கவில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் தொண்டைக்குள் வரிசையாக நின்றது. கனடா இலையை நீயே பின்னு. உன் மயிலையே நீ தைத்ததில்லை. இப்படியெல்லாம். ஒன்றும் வெளியே வரவில்லை. மாமி விரல் விட்டு நாளை எண்ணிப் பார்த்து, என்ன செய்ய, நேரம் இல்ல, இருக்கட்டு என்று அவளே இறங்கி வந்தாள்.

போகும்போது சொன்னாள்: "அன்னிக்கு நீ வெளிய வரவேண்டாம் கேட்டியா. யாராவது என்னமும் கேட்டா வாயத் திறக்கமாட்டே. பொண்ணுக்குத் தங்கச்சி ஊமைன்னு நினைப்பாங்க."

ஜனவரி 25

அக்கா லீவுக்கு வந்திருக்கிறாள். மாமி சொல்லி அனுப்பியிருக்கிறாள், ஊசி பிடிக்கவாவது பழகிக்கொள் என்று.

அடுக்களையில் உட்கார்ந்து பழக்கினேன். பிறந்த குழந்தையின் கையில் ஊசி ஏற்றுகிறவள், குரோஷா ஊசியைத் தோசைக் கரண்டி மாதிரி பிடிக்கிறாள். நூலை விரலில் சுற்றச் சொன்னால் தன்னையே கட்டிப் போட்டுக்கொள்கிறாள். ஒரு இலை பின்னினாள். அது இலையா, வெற்றிலை மென்று துப்பினதா என்று கேட்டேன். அவள் தரையில் சாய்ந்து சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். வெகு நாளைக்குப் பிறகு சிரித்தேன்.

பிறகு அவள் சொன்னாள், எனக்கு இது ஒருமாதிரி இருக்கு அஜி, பொய்தானே என்று. நான் எதுவும் சொல்லுமுன் அவளே, ஒரு நாள்தானே என்றும் சொல்லிக்கொண்டாள்.

ரெண்டு மாசம்தானே. ஒரு நாள்தானே. இந்த வீட்டில் எல்லாரும் என்னிடம் 'தானே' போட்டுத்தான் பேசுகிறார்கள். சிரித்திருக்கக் கூடாது.

ஜனவரி 30

முடிந்தது. காப்பி நிறத்தில் வட்டமாக ஒரு விரிப்பு. அதன் ஓரம் முழுக்க மும்மூன்று இலைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்த மாதிரி. நடுவில் பூசணிக்காய்க்குப் பதில் ரப்பர் காய் பின்னி, பஞ்சு அடைத்து உட்கார வைத்தேன். கஞ்சித் தண்ணீரில் முக்கித் தலையணைமேல் குண்டூசி குத்திக் காய வைத்தேன். இலைகள் விறைத்து நிற்கின்றன.

மேஜைமேல் வைத்துவிட்டு வாசலில் போய் நின்று, விருந்துக்காரர் மாதிரி உள்ளே வந்து பார்த்தேன். இதைச் செய்தது யார் என்று எனக்கே கேட்கத் தோன்றியது.

மாமி வாங்கின பச்சை நூலை நான் தொடவில்லை.

பிப்ரவரி 1

வரிசையாக எழுதுகிறேன். ஒன்றும் விடக்கூடாது.

பத்து மணி போல கார் வந்தது. பையனின் அம்மா, அவருடைய மூத்த மகள். முன்கூட்டியே என்னை அடுக்களையில் விட்டுத் திரைச்சீலையை இழுத்துவிட்டாள் மாமி. ஏத்தங்காய் சிப்ஸ், முந்திரிக்கொத்து, மிக்சர் எல்லாம் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றேன். திரையில் ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி இருந்தது.

முதலில் நடந்தது இது. அறையிலிருந்து அம்மை வந்தாள். பச்சைப் பட்டுச் சேலை, தலையில் பூ. கம்பு இல்லை. தோள் இல்லை. சுவரைக்கூடத் தொடவில்லை. அறை வாசலிலிருந்து கூடத்தின் அந்தப் பக்கம் வரைக்கும் நடந்து போய், வந்தவர்கள் கையைப் பிடித்து, வாங்க வாங்க, வெயில்ல வந்திருக்கீங்க என்றாள்.

அப்பா அதைப் பார்த்தார். மாமி பார்த்தாள். அக்கா பார்த்தாள். யார் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. பெண்ணின் தாய் கிடையில் கிடக்கிறாள் என்று தெரிந்தால் சம்பந்தம் தட்டிப்போகும், அதனால் நடக்கிறாள். எனக்குப் புரிகிறது. ஆனால் நடக்க முடிந்தால்தானே நடக்க முடியும்.

அவளுடைய கம்பு என் பக்கத்தில் அடுக்களைச் சுவரில் சாய்ந்து நின்றது. மாமி கொண்டுவந்து ஒளித்து வைத்தது. நானும் கம்பும் ஒரே இடத்தில்.

பிறகு பையனின் அம்மா மேஜையைப் பார்த்தார். பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். குனிந்து ஒரு இலையை விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இது ரப்பர் இலையில்லா?"

மாமி என்னமோ சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் அந்த அம்மா சிரித்துவிட்டார். அவருடைய அப்பாவும் பால் வெட்டுக்காரர்தானாம். சிறுபிள்ளையில் இலை உதிரும்போது அதைக் குவித்துப் படுத்து உருண்டு அவரிடம் அடி வாங்கியிருக்கிறாராம். மகன் கனடாவில் இருந்து கொண்டுவந்த இலையைப் பற்றி, ஒரு வருஷமா அந்தப் பிளாஸ்டிக்கைத் தூசி தட்டிட்டுக் கிடக்கேன் என்றார். "என் பிள்ளைக்கு அங்க இலைக்குப் பஞ்சமில்ல. நம்ம இலைதான் இல்ல." 

இலையை விட மனமில்லாமல் ஒரு கையில் பிடித்துக்கொண்டே இன்னொரு கையால் அக்காவின் கையை எடுத்தார். இந்தக் கைதானா என்று கேட்டார்.

அக்கா திரைச்சீலையைப் பார்த்தாள். நான் இருக்கும் இடம் அவளுக்குத் தெரியும். என் கண்ணையே பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

"ஆமா அத்தே" என்றாள்.

இதே மாதிரி இன்னொன்று பின்னித் தர வேண்டும், நிச்சயத்துக்குள் தந்தால் மகனுக்கு அனுப்பலாம் என்று அந்த அம்மா கேட்டார். அதற்கும் ஆமா.

பிறகு, இன்னொரு மகள் உண்டு என்று சொன்னீங்களே, என்ன படிக்கிறாள் என்று கேட்டார்கள். நான் தட்டைக் கீழே வைத்தேன். இதற்கு அப்பா என்ன சொல்வார் என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அம்மைக்காக நின்றாள், ஜூனில் சேரப் போகிறாள் என்று சொல்வார் என்றுதான் நினைத்தேன்.

"அவளுக்குப் படிப்பு ஏறல்ல" என்றார் அப்பா. "அவளே நின்னுட்டா. சரி, அம்மைக்குத் துணையா வீட்டோட இருக்கட்டும்னு விட்டாச்சு."

அம்மை, "ஆமா" என்றாள்.

காலாண்டில் கணக்கில் நான் தொண்ணூற்று நாலு. அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போட்டது இந்த அப்பாதான்.

கார் கிளம்பும்போது அம்மை வாசல் கேட் வரைக்கும் நடந்து போய் வழியனுப்பினாள். நான் திரைக்கு இந்தப் பக்கமே நின்றேன்.

பிப்ரவரி 2

காலையில் அம்மை கட்டிலில் இருந்தபடி, வெந்நீர் கொண்டுவா மக்களே, இடுப்பு பிடிச்சிருக்கு என்றாள்.

கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பிப்ரவரி 5

அப்பாவிடம் கேட்டேன். அலங்காரம் முடிந்தது, வந்தார்கள், போனார்கள், பிடித்துவிட்டது என்று சொல்லியும் அனுப்பிவிட்டார்கள். ஸ்கூலுக்கு எப்போது?

நிச்சயம் கழியட்டும் என்றார். அதற்குள் ரெண்டாவதைப் பின்னிவிடு என்றார், அதுவும் இதுவும் ஒரே பேச்சு மாதிரி.

"பின்னமாட்டேன்."

என் குரல்தான். மெதுவாகத்தான் சொன்னேன். அப்பா தலை நிமிர்ந்து, வீட்டுக்குள் வேறு யாரோ வந்துவிட்ட மாதிரி பார்த்தார். எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் மாமி போனில். அக்கா வாழ்க்கையில் மண்ணள்ளிப் போடப் பார்க்கிறாயா, உனக்கு நாளைக்கு யார் பார்ப்பா, நன்றி கெட்ட சவம் என்று வரிசையாக. போனைத் தவிட்டுப் பானைமேல் வைத்துவிட்டுக் கோழியைக் கூட்டில் அடைக்கப் போனேன். திரும்பி வந்தபோது இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 9

அக்கா வந்தாள். நூலை என் மடியில் வைத்து, கல்யாணம் முடியட்டும், நானே எல்லாரிடமும் சொல்லிடுறேன், பிறகு உன்னை டுட்டோரியல்ல சேர்த்து விடுறேன் என்றாள்.

"ஆமா அத்தேன்னு சொல்லும்போது என்னைப் பாத்தியே. எதுக்குப் பாத்தே?"

அவளுக்குப் பதில் வரவில்லை. இந்த வீட்டில் வாய் வராமல் போவது எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

 பிறகு நூலை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள். ஊசியையும் கேட்டாள். கொடுத்தேன். பிரியமாகக் கொடுக்கவில்லை. பஸ்ஸுக்குப் போகும்போது அவள் பைக்குள் அது இருந்தது.

பிப்ரவரி 13

அக்கா போனில் ஒரு படம் அனுப்பியிருக்கிறாள். ஒரு இலை. ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் இழுத்து, பூச்சி அரித்த மாதிரி. கீழே எழுதியிருக்கிறாள்: துப்பின வெற்றிலையா, இலையா?

பதில் போடவில்லை.

பிப்ரவரி 14

'நடு வரியை இறுக்காதே' என்று பதில் போட்டேன். அவ்வளவுதான்.

பிப்ரவரி 21

மாசம் முடியப் போகிறது. அப்பா இந்தப் பேச்சு எடுத்தாலே எழுந்து போகிறார்.

இன்று மத்தியானம் நான் கிணற்றடியில் துணி துவைத்துவிட்டுப் பின்வாசல் வழியாகச் சத்தமில்லாமல் வந்தேன். அம்மை அடுக்களையில் நின்றுகொண்டிருந்தாள். எட்டி மேல்தட்டிலிருந்து மரச்சீனிக் கிழங்கு வற்றல் டப்பாவை எடுத்துக்கொண்டிருந்தாள். கால் விரலில் நின்று. என்னைக் கண்டதும் டப்பாவைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு இது தெரியாதா? உப்பு ஜாடி, செம்மண், எல்லாம் தெரியும். தெரியாத மாதிரி நானே எழுதியும் வைத்திருக்கிறேன். அது எதற்காக என்று எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

எத்தனை நாளா என்று கேட்டேன். கிறிஸ்துமஸுக்கு முன்னாலிருந்தே என்றாள். பிறகு சொன்னாள்:

"ஷைலின் போயிருவா. நீ காலைல போனா சாயங்காலம் வருவே. இந்த ரப்பர் காட்டுக்குள்ள நான் விழுந்தப்ப, எவ்வளவு நேரம் கத்தினேன்னு உனக்குத் தெரியுமா? ஒரு ஆள் வரல்ல மக்களே."

அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம் இன்னும் பெரிதாகிவிட்டது. ஏனென்றால் இனி முழுசாகக் கோபப்பட முடியாத மாதிரி ஒரு காரணத்தைச் சொல்லிவிட்டாள். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். எனக்குப் படிப்பு ஏறவில்லை என்பதற்கு 'ஆமா' போட்டவள், இதைச் சொல்லியிருக்கலாம்.

டப்பாவை வாங்கி மேஜைமேல் வைத்தேன். சருகுகளுக்குப் பக்கத்தில்.

பிப்ரவரி 25

ஒட்டுப்பாலை எல்லாம் முற்றத்தில் கொட்டிவிட்டுப் பையைத் துவைத்தேன். சோப்பு, பிறகு எலுமிச்சை, பிறகு வெயில். இன்னும் நாறுகிறது. அப்பா பார்த்தார், கேட்கவில்லை. ஒட்டுப்பாலை ஒரு புதுச் சாக்கில் அள்ளிப் போட்டார். சாக்கு வீட்டில் இருந்தது. இருந்திருக்கிறது.

பிப்ரவரி 27

மரங்களில் துளிர் வந்துவிட்டது. செம்பு நிறத்தில், தொட்டால் கிழியும் போல. யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை.

பிப்ரவரி 28

அப்பா சாயா குடித்ததும் மரத்துக்கு மருந்தடிக்கப் போய்விட்டார். நான் சோறு வடித்து, குழம்பு வைத்து, கோழிக்குத் தவிடு போட்டேன். தலை சீவினேன். கட்டிலுக்கு அடியிலிருந்து புத்தகங்களை எடுத்துத் துடைத்துப் பையில் வைத்தேன்.

பிறகு அலமாரியைத் திறந்து பச்சைப் பட்டுச் சேலையை எடுத்து அம்மையின் காலடியில் வைத்தேன். அவள் விழித்துத்தான் கிடந்தாள்.

ஹெட்மிஸ்ட்ரஸுக்கு இன்றைக்குத்தான் கடைசி, நீ வா என்றேன். அவள் சேலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இடுப்பு என்று தொடங்கினாள்.

"அன்னிக்கு வாசல் கேட் வரைக்கும் நடந்தே. பஸ் ஸ்டாப்பு அதுக்கப்புறம் கொஞ்சம் தூரம்தான்மா."

அவள் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஜூனில் பக்கத்துத் தோட்டத்து எஸ்தர் சித்தியை மத்தியானம் வந்து இருக்கச் சொல்லிக் கேட்கிறேன் என்று சொன்னேன். நானே போய்க் கேட்கிறேன், வாயைத் திறந்து. 

கம்பை அவள் கை எட்டும் இடத்தில் சாய்த்து வைத்தேன். வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளட்டும். அவள் செருப்பைக் கொண்டுபோய் வாசலில், ரோட்டைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். படியில் உட்கார்ந்தேன். மடியில் பை. எலுமிச்சைக்கு அடியில் ஒட்டுப்பால் வாடை.

காற்று இல்லை. ஒரு பஸ் ஹார்ன் கீழே வளைவில் கேட்டுப் போய்விட்டது. அடுத்தது வர நேரமாகும். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பட்டுச் சேலை உதறும் சத்தம். கம்பு தரையில் ஊன்றும் சத்தத்துக்காகக் காது கொடுத்தேன். அது வரவில்லை. காலடிச் சத்தம் மட்டும் வந்தது.

எழும்பிப் பையைத் தோளில் போட்டேன்.